காய்ச்சலுக்கு வந்த மாமன் சீர்

என் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்திருந்த நாள் பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது. விழாவைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். என் மச்சான்மார் இரண்டு பேரும்கூடச் சரி என்றுதான் சொன்னார்கள். அதை நம்பிக் கைலியோடு உட்கார்ந்திருந்தது என் மடத்தனம்.

காலைப் பலகாரம் முடிந்த கையோடு, கோச்சடையில் எங்கள் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பெரிய மச்சான் தங்கப்பாண்டி வாடிப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கினார். மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டதாம், தட்டு வாங்கியாகிவிட்டதாம். காதுகுத்து இல்லாவிட்டால் என்ன, காய்ச்சலுக்குச் சீர் செய்துவிட்டுப் போகிறேன் என்றார். முதல் தட்டில் தேங்காய், பழம், பூ. நடுவில் வெற்றிலைமேல், சந்தனம் குங்குமம் வைத்த காய்ச்சல் சிரப்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த மேளம். சின்ன மச்சான் அழகுபாண்டி. அவர் தட்டில் வேறு பெயர் போட்ட சிரப், பாட்டில் கொஞ்சம் பெரிது, மாலை வேறு போட்டிருந்தது. அண்ணன் தம்பிக்குள் கிணற்று மோட்டார் விஷயத்தில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. காது குத்தும்போது பிள்ளை யார் மடியில் உட்காருவது என்று ஏற்கெனவே தகராறு வந்து, பெரியவர்கள் கூடி வலது காது பெரிய மாமனுக்கு, இடது காது சின்ன மாமனுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது அதிலும் சிக்கல். காது இரண்டு, வாய் ஒன்று.

கூடத்தில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு பாலாடை மருந்து ஊற்றட்டும், பிரச்சினை தீர்ந்தது என்று சொந்தத்தில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் அளப்பது மாமனுக்குக் கௌரவமில்லை என்று தங்கப்பாண்டி வெள்ளிப் பாலாடை கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு கோழிக்குஞ்சைக் குளிப்பாட்டலாம்.

உள்ளே பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த என் மனைவி கனகலட்சுமி வெளியே வந்தாள். இரண்டு பாட்டில்களையும் எடுத்து லேபிளைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணே, ரெண்டும் ஒரே மருந்துதாண்ணே, பேருதான் வேற. சின்னண்ணே வாங்குனது ரெண்டு மடங்கு வீரியம். டாக்டர் எடை பாத்துச் சொன்ன அளவை நான் இப்பத்தான் கொடுத்தேன். இனி ஆறு மணி நேரம் போகணும், அதுவும் காய்ச்சல் இருந்தாத்தான்."

"நீ கொடுத்தது உன் கணக்கு," என்றார் தங்கப்பாண்டி. "மாமன் மருந்து எப்படித்தா அதுல சேரும்?"

"வயித்துக்குள்ள போனா மாமன் மருந்து, ஆத்தா மருந்துன்னு தெரியாதுண்ணே. அம்புட்டும் சேந்து ஈரலைத்தான் கெடுக்கும்."

மேளம் நின்றுவிட்டது. சீரைத் திருப்புகிறாளா என்று யாரோ முணுமுணுத்தார்கள். தங்கப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த ஒரு விஷயத்தில் தம்பியும் அண்ணனைப் பின்பற்றித் துண்டை உதறினார். இரண்டு பேரும் தட்டோடு படியிறங்கினால் கனகாவுக்குப் பிறந்த வீடு அன்றோடு முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நானே வேன் கதவைத் திறந்துவிட்டிருப்பேன். ஆனால் அதற்குள் அவளே அண்ணன்மார் முன்னால் வந்து நின்றாள்.

கனகா தட்டுகளைக் கும்பிட்டு வாங்கினாள். பாட்டில் இரண்டையும் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பிறகு, தான் மருந்து அளந்த மூடியைக் கழுவிக்கொண்டு, சொம்பில் ஆறவைத்த தண்ணீரோடு வந்தாள்.

"புள்ளைக்குத் தண்ணி நெறையக் கொடுக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. முதல் தண்ணி மாமன்மாரு கொடுங்க. ஆனா இந்த மூடியிலதான், இந்தக் கோடு வரைக்கும்தான்."

கூட்டம் யோசித்தது. சீர் உள்ளே போய்விட்டது, கொடுப்பதும் மாமன்தான், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, அஸ்வினியை இரண்டு தொடைகள்மேல் பாதிப் பாதியாக உட்கார வைத்தார்கள். வெள்ளிப் பாலாடை வேட்டி மடிப்புக்குள் போனது.

தங்கப்பாண்டி மூடியில் தண்ணீரை ஊற்றினார். மோட்டார் பிடித்துப் பழகிய கைக்கு அந்த மூடி பிடிபடவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து அழகுபாண்டியும் குனிந்து பார்த்தார்.

"கோட்டைத் தாண்டிருச்சுண்ணே," என்றார் அழகுபாண்டி.

பெரியவர் தம்பி முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "எம்புட்டு?"

"ஒரு சொட்டு."

தங்கப்பாண்டி அந்த ஒரு சொட்டைத் தரையில் சிந்தினார். மறுபடி தூக்கித் தம்பியிடம் காட்டினார். தம்பி தலையை ஆட்டிய பிறகுதான் பிள்ளையின் வாயருகே கொண்டு போனார். கெட்டிமேளம் முழங்கியது.

வெறும் தண்ணிதானே மச்சான், என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் காலை நன்றாக மிதித்தாள்.