நீலப் பொட்டு வைத்த புத்தகங்கள்

"கீழ வை அதை! முதல்ல கீழ வை!"

மகள் திடுக்கிட்டுப் போனாள். பன்னிரண்டு வயதுப் பெண். இடது கையால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதை நல்ல இடத்தில் இருந்தது போலும், கவளம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றிருந்தது. அம்மாவின் கண்ணில் கதையும் படவில்லை, கவளமும் படவில்லை. புத்தகத்தின் முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒட்டியிருந்த நீலப் பொட்டுதான் பட்டது.

"இதை யாரு உனக்குக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானேதான் தேடி எடுத்தேன். நீலப் பொட்டு வச்சது கிடைக்கிறதே குதிரைக் கொம்பும்மா. எதிர் வீட்டுக்காரன் ரெண்டு வாரமா இதுக்கு அலையறான்."

"தேடி எடுத்தியா!"

"பின்ன? பொட்டு இருந்தா கதை சூப்பரா இருக்கும். எங்க எல்லாருக்கும் தெரியுமே. லைப்ரரி அக்கா நல்ல புக்கா பார்த்துதான் பொட்டு வைப்பாங்க."

அம்மா அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கினாள்.

"காலையில தலகாணி மேல கிடந்துச்சே, அதுவும் இதுதானா?"

"ஆமா."

"ஐயோ! எழுந்திரு. சோப்புப் போட்டுக் கையக் கழுவு. ரெண்டு தடவை கழுவு. தலகாணி உறையை உருவி எடு."

அப்பா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "புள்ளை சாப்பிட்டு முடிக்கட்டுமே. அப்படி என்ன ஆயிடுச்சு?"

"பொட்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? கூட்டத்துல கையைத் தூக்கினது யாரு?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மறுபடி கைபேசிக்குள் போய்விட்டார்.

என்ன ஆயிற்று என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள், கூச்சம். நான் சொல்கிறேன்.

நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள், நடுவில் நீச்சல்குளம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு சின்ன நூலகம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இந்த அம்மாதான். போன வருடக் கூட்டத்தில் பெரிய மனது பண்ணி ஒரு தீர்மானம் போட்டார்கள். இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் புத்தகம் எடுக்கலாம். பலமாகக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, சுத்தம்னு ஒண்ணு இருக்கே" என்றார். எந்த அழுக்கையும் மூடி வைக்க அந்த ஒரு சொல் போதும் இவர்களுக்கு. உடனே ஒரு விதி பிறந்தது. அந்தப் பிள்ளைகள் திருப்பித் தரும் புத்தகத்தைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும், ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும், பிறகு முதுகில் நீலப் பொட்டு ஒட்டி அடுக்க வேண்டும். பார்த்து ஒதுங்க நினைப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா! தங்கள் பிள்ளைகள் ஜுரத்தில் மூக்கைச் சிந்திய கையால் புரட்டிய புத்தகங்களுக்கு மட்டும் பொட்டு கிடையாது. த்தூ!

விதியைக் கேட்டதும் வேலைக்காரர்களில் பலர், "ஆளை விடுங்க சாமி" என்று போய்விட்டார்கள். வந்தது ஒரே ஒரு பிள்ளை, படிக்கட்டு துடைக்கிற பெண்ணின் மகள். பதிமூன்று வயது. ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் குச்சி. குச்சிக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. கதை என்று வந்துவிட்டால் அது எங்கேயோ ஓடிவிடும், அவ்வளவுதான். ஆனால் கண்டதையும் எடுக்கமாட்டாள். அலமாரிக்கு முன்னால் நின்றபடியே நான்கு பக்கம் படிப்பாள். உப்புச் சப்பில்லை என்றால் அப்படியே செருகிவிடுவாள். நன்றாக இருப்பது மட்டும் அவளோடு வீட்டுக்குப் போகும். அதனால் நன்றாக இருப்பதற்கு மட்டும்தான் பொட்டு விழுந்தது.

பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் ஒருவரும் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒட்டுவதற்குக் கை வந்தது, சொல்வதற்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

செயலாளர் அம்மா விறுவிறுவென்று நூலகத்துக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததும் சுவரில் அவளே தயாரித்து ஒட்டிய பட்டியல் இருந்தது. 'கோடை விடுமுறையில் சிறுவர்களும் இளையோரும் படிக்க வேண்டிய நாற்பது புத்தகங்கள்.' முதலிடம் பிடிப்பது எப்படி, நேரத்தைச் சேமிப்பது எப்படி, அடக்கத்தால் உயர்ந்தவர்கள் என்று நாற்பது.

"என்ன நடக்குது இங்க? நான் போட்ட லிஸ்ட்டை விட்டுட்டு, பிள்ளைங்க எதை எதையோ எடுத்துட்டுப் போகுது?"

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். "லிஸ்ட்ல இருந்து நாலு புக்குதான் போயிருக்கு மேடம். அதுலயும் ரெண்டு உங்க வீட்டுக்கு. பொட்டு வச்சதுதான் நிக்கவே மாட்டேங்குது. நேத்து ரெண்டு பேரு இழுத்துக்கிட்டதுல ஒரு அட்டையே கிழிஞ்சு போச்சு."

செயலாளர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்கள் வருகிறார்கள், குடியிருப்பு நூலகத்துக்குப் பரிசு தருவதற்காகப் பார்வையிட. நான்கே நான்கு புத்தகம் போன பட்டியலை அவர்களிடம் எப்படி நீட்டுவது? கோபம் போன வேகத்தில் அங்கே கணக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

"பொட்டு வச்ச புக்கு பேரெல்லாம் எழுதிக் குடு. அதுதான் இனிமே லிஸ்ட்டு. கீழ என் பேரைப் போடு. பொட்டையெல்லாம் பிச்சு எடுத்துட்டு, நல்லாத் துடைச்சு வை. அப்புறம், அந்தப் பொண்ணு கார்டை ரத்து பண்ணிடு."

"ஏன் மேடம்? ஒரு நாள்கூட லேட்டா குடுத்ததில்லை அவ."

"நம்ம பிள்ளைங்களே வரிசையில நிக்குது. உனக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?"

நூலகப் பெண் பேனாவை எடுத்தாள். வருடம் முழுக்கப் பொட்டு ஒட்டிய கைதானே அது, இப்போது மட்டும் எப்படித் தடுக்கும்?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு குச்சி வாசலில் நின்றிருந்தாள். கையில் திருப்பித் தர வேண்டிய முதல் பாகம். கதாநாயகி கிணற்றுக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் அது முடிந்துபோயிருந்தது. இரண்டாம் பாகத்துக்கு ஒன்பது நாளாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"ரெண்டாம் பாகம் மட்டும் குடுங்கக்கா. அந்தப் பொண்ணு வெளிய வந்தாளான்னு தெரிஞ்சா போதும். அப்புறம் வரவே மாட்டேன்."

வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா பதறிப்போய், "பேசாம வந்துடுடி" என்றாள்.

செயலாளர் குச்சியைப் பார்த்துப் பேசவே இல்லை. நூலகப் பெண்ணிடம், "அவ கையில இருக்கிறதை வாங்கித் துடைச்சு வை" என்றாள்.

"எதுக்கும்மா துடைக்கணும்?"

மகள். செயலாளர் பாதியில் பிடுங்கிய புத்தகத்தைத் தேடிச் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே வந்திருந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"துடைக்கிறது எதுக்கு? நீலப் பொட்டுன்னா என்னம்மா?"

செயலாளர் சுவரைப் பார்த்தாள். நூலகப் பெண் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். கூட்டத்தில் அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் பேசிய விஷயத்தை ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு வரியில் சொல்ல ஆளில்லை.

குச்சிதான் சொன்னாள். "நான் படிச்சதுன்னு அர்த்தம்."

"எல்லாமேவா? அப்ப நீதான் பொட்டு வைக்கிறியா?"

"நான் வைக்கல. நான் தொட்டதை நீங்க தொட்டுடக் கூடாதுன்னு அவங்க வைக்கிறாங்க."

மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். குச்சியின் அம்மா வாளியோடு சுவரோரம் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வந்த விருந்தினர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழை எளியவங்க கதையெல்லாம் இருக்கே. குழந்தைங்க மனசுல ஈரம் வரணும்னா இப்படித்தான் தேர்ந்தெடுக்கணும். எப்படிங்க முடிஞ்சுது?"

"ஒவ்வொண்ணையும் நானே உக்காந்து படிச்சுப் பார்த்தேன்" என்றாள் செயலாளர். கூசவே இல்லை அந்த வாய். பரிசை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் குச்சி தன் அம்மாவுக்குப் பதிலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். செயலாளரின் மகள் படியேறி வந்து ஒரு புத்தகத்தை நீட்டினாள். இரண்டாம் பாகம். முதுகில் பொட்டு இல்லை, ஒன்றும் இல்லை.

"என் கார்டுல எடுத்தேன். நீ முதல்ல படி. நல்லா இருந்தா சொல்லு, அப்புறம் நான் படிக்கிறேன்."

குச்சியின் கண் அட்டையை விட்டு அகலவில்லை. கிணற்றுக்குள் இருந்த பெண் என்ன ஆனாள் என்பது அதற்குள்தான் இருக்கிறது, இரண்டு பக்கம் புரட்டினால் போதும். அவள் புரட்டவில்லை. வாளியில் துணியை நனைத்தாள், ஒட்டப் பிழிந்தாள், புத்தகத்தின் முன் அட்டையை, பின் அட்டையை, முதுகைப் பொறுமையாகத் துடைத்தாள்.

"எதுக்குத் துடைக்கிற?"

"உங்க வீட்டுல இருந்து வருதுல்ல."

மகளின் முகம் சிவந்தது. திரும்பிப் போகத்தான் நினைத்தாள், ஆனால் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

குச்சி புத்தகத்தை ஜன்னலோரம் வெயில் விழுந்த படியில் வைத்துவிட்டு, அடுத்த படியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஒரு நாள் காயணும். நாளைக்கு வா."