ஐவியின் அறைச் சுவர்

வீட்டுக்குச் சொந்தக்காரரான நகராட்சிக் கவுன்சிலை ஜெயிக்கும் வழியை இங்கிலாந்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான். வழி சுலபம்: சுவரைத் துடைக்கக் கூடாது.

எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் ஒரே வியாதி. பூஞ்சையைப் பார்க்க கவுன்சில் ஆள் வருகிறார் என்றால், முந்தின நாளே ப்ளீச் போட்டுத் தேய்த்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும் எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள். என் அக்கா டோனாவும் அக்டோபரில் அதையேதான் செய்தாள். வந்தவர் வெளுத்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா. குளிச்சதும் ஜன்னலைத் திறந்து வைங்க."

போட்டோ காட்டினோம். "இது யார் வீட்டுச் சுவரோ!" என்று கிளம்பிவிட்டார்.

"வர்ற மனுஷன் நம்மள அழுக்குப் பிடிச்சவங்கன்னு நினைக்க மாட்டாரா?" என்றாள் அக்கா, ஏன் துடைத்தாய் என்று நான் கேட்டதற்கு.

"கொலை நடந்த இடத்தைக் கழுவிவிட்டுட்டு போலீஸைக் கூப்பிடற ஆளு நீ."

கவுன்சில் ஆள் மறுபடி வரும் தேதிக்குப் பதினோரு வாரம். வீட்டில் இருந்த ப்ளீச்சையெல்லாம் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். சுவருக்குக் காவல் என் பொறுப்பு.

அக்கா மகள் ஐவிக்கு ஒன்றரை வயது. அவள் கட்டிலுக்கு மேலே கைக்குட்டை அளவு இருந்த கறுப்புப் பூஞ்சை, கிறிஸ்துமஸுக்குள் கதவளவு ஆனது. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். இரண்டே வாரத்தில் அதுவும் பின்னாலேயே வந்துவிட்டது. ஐவி இரும ஆரம்பித்தாள். அப்புறம் நெஞ்சில் விசில்.

"துடைச்சிடலாம்டா கீரன். பயமா இருக்கு."

"ஒம்பது நாள்தான்க்கா. இப்ப துடைச்சா திரும்பப் பதினோரு வாரம். அதுவரைக்கும் உள்ளே ஈரம் அப்படியேதான் இருக்கும்."

நான் பயப்படவில்லை. அவள் தூங்கும்போது மூச்சை எண்ணினேன், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஐம்பது. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறு.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அழுவதை நிறுத்தினாள். நிம்மதியாக இருந்தது, போய்ப் பார்க்கும்வரை. அழ மூச்சு இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. உதடு சாம்பல் நிறம். ஆம்புலன்ஸ் வர ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"ஆக்ஸிஜன் எடுத்துட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமாம்."

"நாளைக்குப் பத்து மணிக்குத்தான்க்கா கவுன்சில் ஆள் வர்றாரு."



"சரிடா. இன்னிக்கு ராத்திரி அவ எங்க தூங்குவா?"

"பக்கத்துல யார் வீட்லயாவது..."

"யார் வீட்ல சுவர் நல்லா இருக்கு? சொல்லு."

பன்னிரண்டு மாடியையும் மனசுக்குள் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு வீடு கிடைக்கவில்லை. போனை வைத்தேன்.

கீழ்க் கடையில் இரண்டு பாட்டில் ப்ளீச்சும் ஒரு பிரஷும் வாங்கினேன். எதிர்வீட்டு மாரீன் லிஃப்டில் பையை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கவுன்சில்காரர் வர்றாரா?"

"ஆமா ஆண்ட்டி."

எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். ஜனவரிக் குளிர் உள்ளே வந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி, கூரையோரத்து மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.