உடைந்த இரண்டு ஸ்டட்

முப்பத்தெட்டு வயதாகியும் பட்டறையில் அவனுக்குப் பெயர் சின்னவன்தான். பெரியவன் என்று ஒருவன் இருந்தாலாவது அதற்கு அர்த்தமுண்டு, அதுவும் கிடையாது. அக்காவுக்குத் தம்பி, அத்தானுக்கு மச்சினன், இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன்.

ஆமாம், தபால்காரன்தான். அக்காவும் அத்தானும் நேருக்கு நேர் பேசி ஆறு வருஷமாகிறது. அப்பா விட்டுப்போன லேத் மெஷினை அத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அன்றைக்கு அக்கா வாயை மூடினாள். பதிலுக்கு அவரும் மூடிக்கொண்டார். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் பதினாலு படி. சாப்பிட உட்கார்ந்தால், "உங்க அக்காகிட்ட சொல்லு, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு" என்பார் அவர். "உங்க அத்தான்கிட்ட சொல்லு, நாக்கு செத்துப்போனா உப்பு என்ன பண்ணும்னு" என்பாள் இவள். எதிரெதிர் நாற்காலி, கை நீட்டினால் தொட்டுவிடலாம். இவன் வாயில் சோற்றோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

போக வேண்டும் என்று அவன் எத்தனையோ தடவை கிளம்பியதுண்டு. "இந்த ஒரு வண்டியை மட்டும் முடிச்சிட்டுப் போ மாப்ளே" என்பார் அத்தான். அந்த ஒரு வண்டி முடிவதற்குள் அடுத்த ஒரு வண்டி உள்ளே வந்து நிற்கும்.

இந்தத் தடவை அப்படியில்லை. துறைமுகத்தில் கப்பல் இன்ஜின் பழுது பார்க்கும் வேலை. நாளை காலை எட்டு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் வரிசையில் அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே போக நாளுக்கு ஒரே பஸ், மாலை நாலு மணிக்கு. கடைசி வண்டி என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சர்வேயரின் மலை ஜீப்பில் கை வைத்தான். மேட்டில் கொதித்து நின்றுபோன வண்டி. இன்ஜினின் மேல் மூடியை, அதாவது ஹெட்டை, கீழே பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் பத்து ஸ்டட்டும் இழுபட்டு வீணாகியிருந்தன. இரு முனையிலும் மரை வெட்டிய விரல் தடிமன் கம்பிதான், ஆனால் துரு ஏறிவிட்டால் சாமானியத்தில் வெளியே வராது. மூன்று நாள் மல்லுக்கட்டிக் கழற்றி, நேற்று சாயங்காலம் பத்துப் புது ஸ்டட்டையும் நட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத் தூங்கினான். ஹெட்டை இறக்கி இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

காலையில் டிக்கெட் எடுக்கப் போனவன் பதினொரு மணிக்குத் திரும்பி வந்து தார்ப்பாயை விலக்கினான். எட்டு ஸ்டட்தான் நின்றுகொண்டிருந்தன.

"அடப்பாவி!" என்று அவன் கத்தியதில் கூரையிலிருந்த புறா பறந்துவிட்டது.

பின்பக்க மூலையில் ஒன்று பிளாக்கின் மட்டத்துக்குக் கீழேயே முறிந்திருந்தது. யாரோ நீளக் குழாயை மாட்டி, முறுக்கி உடைத்திருக்கிறார்கள். முன்பக்கம், படிக்கட்டை ஒட்டிய மூலையில் இருந்தது அறுக்கப்பட்டிருந்தது. ரம்பத்தால் பொறுமையாக, ஒரு விரல் உயரம் மிச்சம் வைத்து. அறுத்த தூள் ஒரு பொட்டுகூட உள்ளே விழவில்லை. சிலிண்டர் வாயில் துணி அடைத்திருந்தது. கெடுதல் செய்ய வந்த இடத்தில் இத்தனை அக்கறை! துணியை உருவிப் பார்த்தான். நீலக் கட்டம் போட்டது. மேலே சமையல்கட்டில் கைப்பிடித் துணியாகத் தொங்குமே, அதேதான்.

அவன் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையில் டிக்கெட். எதிரே பதினாலு படி, பக்கத்தில் பாதி இறக்கிய ஷட்டர். அந்த இடம் முழுக்க ஒரு எலிப்பொறி, இத்தனை வருஷமாக அதைத் துடைத்துப் பெருக்கி வைத்துக்கொண்டிருந்தவனே தான்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா! கீழ வா!"

அக்கா இறங்கி வந்தாள். ஷட்டருக்கு வெளியே நின்ற அத்தானும் உள்ளே வந்தார். சின்னவன் துணியை நீட்டினான். அக்கா மறுக்கவில்லை.

"நான்தான்டா அறுத்தேன். நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாருடா பேச்சுத் துணை? செவுத்துக்கிட்டயா பேசுவேன்?" என்றாள். "ஆனா ஒண்ணுதான் அறுத்தேன். ரெண்டாவது எனக்குத் தெரியாது, சத்தியமா."

அத்தான் ஷட்டர் கொக்கியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "இன்னொண்ணு நான்தான்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

சின்னவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், ஆளுக்கு ஒன்று! எத்தனை பொருத்தமான ஜோடி. இதற்கு நடுவில் தன் ஆயுசு போகிறதே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டும் வந்தது.

"அவளுக்குக் காது இருக்கு," என்றான். வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அறுபட்டது சுலபம். மிச்சமிருந்த முனையில் ஒரு நட்டை மாட்டி, பற்றவைத்து, சூடு ஆறியதும் ஸ்பானர் போட்டுத் திருப்பினான். சொன்ன பேச்சு கேட்டு வந்தது. முறிந்தது அப்படியில்லை. குழிக்குள் கிடந்ததன் மேல் ஒரு வாஷர், அதற்கு மேல் நட்டு. இரண்டு தடவை பற்றவைத்தது விட்டுப்போனது. மூன்றாவது தடவைதான் முனகிக்கொண்டே அசைந்தது. புது ஸ்டட் பெட்டியில் வந்தவை பன்னிரண்டு, வண்டிக்கு வேண்டியவை பத்து. மிச்சமிருந்த இரண்டையும் நட்டான். ஆளுக்கு இரண்டு உடைத்திருந்தால் அவன் கதை முடிந்திருக்கும்.

ஹெட்டை அத்தானோடு சேர்ந்து இறக்கி, நட்டுகளைக் கையால் திருகி முடித்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. இனி இறுக்க வேண்டும். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், சுவரில் எழுதியிருக்கும் வரிசைப்படி, மூன்று சுற்று. அந்தப் பட்டறையில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தர் நம்பர் சொல்ல வேண்டும். இழுப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு இழுக்க வேண்டும். திருப்பிச் சொல்லாமல் அடுத்த நம்பர் வராது. ஒன்று விட்டுப்போனால் ஹெட் கோணிக்கொள்ளும். எப்போதும் அக்கா மூன்றாம் படியில் நின்று சொல்வாள், சின்னவன் இழுப்பான்.

அவசரப்படுத்த முடியாத வேலை. பஸ் நிற்கும் இடத்துக்கோ பத்து நிமிஷ நடை.

சரியான இறுக்கம் வந்ததும் டிக்கென்று சொல்லும் டார்க் ரெஞ்சை அவன் அத்தான் கையில் திணித்தான். "அக்கா நம்பர் சொல்லுவா. நீங்க இழுங்க. சாயங்காலம் சர்வேயர் வந்துடுவார்."

"மாப்ளே, ஒரு அஞ்சு நிமிஷம்..."

"வரேன் அத்தான். வரேன்க்கா."

பையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து தெருவுக்கு வந்தான். வந்தவனுக்குக் கால் நகரவில்லை. கை போன பட்டறையாக அந்த வீட்டை விட்டுவிட்டுப் போகிறோமோ என்று பயமாக இருந்தது.

"ஒண்ணு," அக்காவின் குரல்.

பதில் இல்லை.

"ஒண்ணு."

"மாப்ளே!" என்று அத்தான் கத்தினார். "ஒண்ணு எதுன்னு உங்க அக்காகிட்ட கேட்டுச் சொல்லு!"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இதற்கு வாயைத் திறந்தால் நாளைக்கும் இங்கேதான், சாகிற வரைக்கும் இங்கேதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏம்மா," என்றார் அத்தான். வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "ஒண்ணு எது?"

"நடுவுல. உங்க வலது கைகிட்ட இருக்கறது," என்றாள் அக்கா.

"ஒண்ணு."

ரெஞ்ச் டிக்கென்றது.

"ரெண்டு," என்றாள் அக்கா.

சின்னவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமெடுத்தான்.