தொலைக்காட்சி வழியாக வந்த வயலெட்டா

வயலெட்டா சேலை முதன்முதலாக டிவி விற்பனைச் சேனலுக்கு வந்த அன்று, தக்கலையில் டிவி ஓடிய வீடுகளிலெல்லாம் அதன் முந்தானை பெட்டிக்கு வெளியே வந்து தரையில் கிடந்தது. முற்பகல் நேரம். பெண்கள் அதை மிதித்துவிடாமல் எடுத்து, உதறி, கடையில் செய்வதுபோல விரலால் நெருடிப் பார்த்தார்கள். பழைய வயலெட்டாவின் கனம் இதில் இல்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. கரண்ட் போனால் பாதியில் அறுந்துவிடுமோ என்ற கவலையைத் தவிர வேறு கலவரம் ஏதும் நடக்கவில்லை.

வயலெட்டா என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கல்ஃப் போகிறவர்கள் பம்பாயில் விமானம் மாறிய காலம் அது. திரும்பும் வழியில் வயலெட்டா கடையில் ஏறி ஒரு சேலை வாங்காமல் வந்த ஆணுக்கு வீட்டில் நல்ல முகம் கிடைக்காது. சேலை கிழிந்த பிறகும் அதன் ஊதா அட்டைப்பெட்டி கிழியாது. ஞானஸ்நானச் சான்றிதழும் நூல்கண்டும் பிள்ளைகளின் முதல் பல்லும் அதற்குள்தான் கிடக்கும். அந்தப் பெட்டியின் வாசனைக்காகவே அலமாரியைத் திறந்து நின்ற பெண்களை ஊர் அறியும். என்ன காலம் அது!

தங்கபாய்க்கும் ஒரு வயலெட்டா இருந்தது. பச்சையில் வெள்ளைப் பூ. கணவர் செல்வதாஸ் முதல் லீவில் கொண்டுவந்தது. லீவு முடிந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய காலையில், வழியனுப்ப அவள் அதையே உடுத்த வேண்டும் என்று அவரே இஸ்திரி போட உட்கார்ந்தார். வெளியே டாக்ஸி ஹார்ன் அடித்தது. அவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் முந்தானையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகிவிட்டது. தங்கபாய் வாசல் வரைக்கும் ஏசிக்கொண்டே போனாள். செல்வதாஸ் சிரித்துக்கொண்டே டாக்ஸியில் ஏறினார். ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்தது அவருடைய சவப்பெட்டிதான். அதற்குப் பிறகு அந்தக் கருகலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அவளுடைய ஏச்சே காதில் கேட்டது. பொறுக்கமாட்டாமல், சர்ச்சில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்குச் சேலையைக் கொடுத்தாள். ஏலத்தில் எடுத்த வெளியூர்க்காரர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றே அவள் அழ ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக அழுதாள்.

அன்று டிவியிலிருந்து விழுந்ததும் பச்சையில் வெள்ளைப் பூதான். பழைய வடிவத்தைப் புதிதாக நெய்தது, மிச்சம் ஒன்றே ஒன்று என்றாள் திரையிலிருந்த பெண். மற்ற வீடுகளில் முந்தானை மாசில்லாமல் இருந்தது. தங்கபாய் வீட்டில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகியிருந்தது.

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். "தங்கபாய், ஒனக்க வீட்லயும் சேல விழுந்து கெடக்கா?"

தங்கபாய் போனை எடுத்தாள். அங்கேதான் இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எலுமிச்சம்பழமானாலும் விளித்த விலைக்கே எடுப்பது மானக்கேடு. ஆகவே தங்கபாய் சேனல் சொன்ன விலைக்கு மேலே நூறு ரூபாய் கூட்டிக் கேட்டாள். போனில் பேசுவது அப்படியே நேரலையில் ஊர் முழுக்கப் போனது. "மேடம், இது ஒரே ரேட்தான்" என்று திரையிலிருந்த பெண் சொல்லி முடிப்பதற்குள், கோயிலில் வருஷா வருஷம் ஏலம் விளிக்கும் ராஜையன் தன் வீட்டிலிருந்து போன் போட்டு இன்னொரு நூறு கூட்டினார். கைப்பழக்கம், பாவம். அவரைக் கேட்டு சபை முழுக்கப் போனை எடுத்தது. விலை ஏறியது. ஒவ்வொரு வீட்டிலும் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். தங்கபாய் வீட்டு முந்தானை கையிலிருந்து நழுவி அங்குலம் அங்குலமாகத் திரைக்குள் போக ஆரம்பித்தது. அவளிடம் இருந்ததோ சத்துணவு அமைப்பாளர் பென்ஷன்.

கருகல் கண்ணாடியைத் தொட்டபோது தங்கபாய் போனில் கத்தினாள். "மக்களே, விடுங்க! அது எனக்க செல்வதாஸ் இஸ்திரி போட்ட சேல. நான் ஏசி அனுப்புன மனுசன். எனக்கு அது வேணும்."

எல்லா டிவியிலும் அது கேட்டது. அதன்பின் ஒரு போன்கூட அடிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் முந்தானையை மடித்து, பக்கத்து வீட்டுத் துணியைத் திருப்பிக் கொடுப்பதுபோல, டிவிக்குள் தள்ளிவிட்டார்கள். ராஜையன் கையிலிருந்த போனிலேயே ஏலக்குரலில், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூணு தரம். செல்வதாஸுக்க வீட்டுக்கு" என்றார்.

சேலை முழுதும் சரசரவென்று தங்கபாயின் மடியில் வந்து இறங்கியது. திரையிலிருந்த பெண் வெறும் ஹேங்கரைப் பிடித்தபடி அடுத்த பொருளுக்குப் போனாள். தங்கபாய் கருகலில் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள். இஸ்திரிப்பெட்டியை இப்போதுதான் தூக்கியதுபோல் சூடு. "சாரமில்ல, போனாப் போட்டும், ஒரு சேலதானே" என்று செல்வதாஸுக்குக் கேட்கும்படிச் சொன்னாள். அன்று வாசலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

சேனலுக்குக் கொடுக்க வேண்டிய பணம் மறுநாளே போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, பிளவுஸ் நிறம் சேரவில்லை என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்தக் கருகல் இன்றுவரை ஆறவில்லை. ஐப்பசி மழையில் சொர்ணம்மாள் வேலியைத் தாண்டி வந்து, இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்துச் சூடு காய்ந்துவிட்டு, மிளகாய் காயப்போட்ட கதையைப் பேசிக்கொண்டே போகிறாள்.