தனுஜாவின் சேலையை வெட்டியது பற்றி

1

இந்தக் கதை ஒரு ரவிக்கையால் எனக்குக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனையில் படிப்பிக்கிறேன். நேரம் கிடைத்தால் கதை எழுதுகிறேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது என்று நிஷாந்தியிடம் ரவிக்கைத் துணி கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது நான் கொடுத்த துணி மடிப்புக்கூடக் கலையாமல் தையல் மெஷினின் மேல் கிடந்தது. நிஷாந்தி சொன்ன நாளைத் தவறவிடுகிறவள் அல்ல. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கத்திரிக்கோலக் கையில எடுக்கவே பயமா இருக்குக்கா," என்றாள்.

தையல்காரி ஒருத்தி கத்திரிக்கோலுக்குப் பயப்படுகிறாள். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே முதல் வரியைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம் இது: "மலையெங்கும் பனி இறங்கியிருந்த அந்தக் காலையில் நிஷாந்தி ஊசியில் நூலைக் கோத்து—"

நிறுத்திவிட்டேன். அன்று பனி இல்லை, நல்ல வெயில். லயத்து வரிசை வீடுகளின் வாசலெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பனி தானாக வந்து முதல் வரியில் குந்திக்கொள்கிறது.

இரண்டாவது: "பிரிந்தவற்றைச் சேர்ப்பதே ஊசியின் வேலை என்று—" இதுவும் வேண்டாம். ஊசி குத்தவும் செய்யும்.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. அதுதான் கீழே வருகிறது.

3

நிஷாந்தி கொழும்பில் ஓவியம் படித்தவள். படித்து முடித்ததும் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தாள். அவளைக் கட்டிய துஷாந்த் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளைகள் இரண்டு பேரும் என்னுடைய பள்ளிக்கூடம்தான். லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருக்கிறார்கள். ஜன்னலோரம் மெஷின். ரவிக்கை, பள்ளிக்கூட யூனிபோம், திரைச்சீலை என்று ஊர் வேலையெல்லாம் அதில் நடக்கும். உள்சுவரில் அவளுடைய சொந்த வேலை தொங்கும்.

அது ஒரு பெரிய துணிப்படம். கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டிக் கிழிந்துபோன படங்குகளை* ஒட்டுப்போட்டு மலை செய்திருந்தாள். அந்த மலையில் தேயிலை நிரைகள் வரவேண்டும். அதற்காக லயத்தில் வீட்டுக்கு ஒரு பழைய சேலை கேட்டு வாங்கி, பட்டி பட்டியாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். சோறு வடித்துவிட்டு ஒரு நிரை, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு அரை நிரை என்று வேலை நகரும். படம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கக் காம்பராவுக்குள் இடம் போதாது. அதனால் வெளியே வந்து, வாசலில் நின்று, தன் வீட்டையே வேற்றாள் போல எட்டிப் பார்ப்பாள். யாரோ வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்களா என்று போகிறவர்கள் கேலி செய்வார்கள்.

(* படங்கு என்பது சாக்குத்துணி. தேயிலைச் செடி குத்தாமலும் ஈரம் ஏறாமலும் இருக்கக் கட்டுவது. என்ன துவைத்தாலும் கறை போகாது. அந்தக் கறைக்காகத்தான் நிஷாந்திக்கு அது வேண்டியிருந்தது.)

பக்கத்துக் காம்பரா வேலாயி தன் பெட்டியைத் திறந்து ஓர் ஆரஞ்சுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். பச்சைக் கரை. மகள் தனுஜா பெரியவளானபோது சடங்குக்கு எடுத்தது. தனுஜா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் காட்டிப் பேசுவாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நிஷாந்தி தயங்கியிருக்கிறாள். பெட்டிக்குள் கிடந்து பூச்சி அரிப்பதற்கு உன் படத்திலாவது இருக்கட்டும், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வேலாயி சொல்லிவிட்டாள்.

நிஷாந்தி வெட்டினாள். அந்த ஆரஞ்சு ஏறியதும் மலைக்கு உயிர் வந்தது என்று துஷாந்த்கூடச் சொன்னானாம். சேலையில் பாதிக்கு மேல் பட்டிகளாகிச் சுவருக்குப் போய்விட்டது.

அந்த வாரம் தனுஜாவின் போன் வரவில்லை.

4

அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். எடுத்துப் பார்த்தால் போன் அணைந்திருந்தது. வேலாயி வேலைக்குப் போகாமல் ஹட்டனுக்குப் போய், அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் பயணம் போயிருப்பார்கள், பயப்படாதே என்று அவர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பதிய வேண்டிய இடத்தில் முறைப்பாடும் பதிந்தாகிவிட்டது. பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நிற்கும்போது, யாரோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள், கடல் தாண்டிப் போயிருக்கிற பிள்ளையின் சடங்குச் சேலையை உயிரோடு இருக்கும்போதே வெட்டலாமா என்று.

வேலாயி வந்து நிஷாந்தியிடம் சண்டை போடவில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்து, ஈரப் படங்கோடு வாசலில் உட்காருவாள். சுவரில் இருக்கிற ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பாள். இருட்டுவதற்குள் எழுந்து போய்விடுவாள். மறுநாளும் வருவாள்.

நிஷாந்திக்கு இது தாங்கவில்லை. சோறு குழைந்தது. பிள்ளையின் யூனிபோமை உள்பக்கம் வெளியே வரத் தைத்தாள். யாருடைய போன் அடித்தாலும் திடுக்கிட்டு வாசலுக்கு ஓடினாள். நான் ரவிக்கைக்குப் போனது இந்த நாட்களில்தான்.

"நான் அதையெல்லாம் நம்புற ஆளு இல்லக்கா," என்றாள். "ஆனா வெட்டினது வியாழக்கெழம. வெள்ளிக்கெழம போன் வரல. நம்பாம இருக்குறதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல?"

இதற்கிடையில் கொழும்பிலிருந்து அம்னா அழைத்துக்கொண்டேயிருந்தாள். அங்கே நடக்கப்போகிற ஓவியக் கண்காட்சியை நடத்துகிறவள் அவள்தான். நிஷாந்தியின் படம் முதன்முதலாகப் பொது இடத்தில் தொங்கப்போகிறது. அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கிற ஆரஞ்சில்தான் எல்லாமே இருக்கிறது என்று அம்னா எழுதியிருந்தாள். நிஷாந்தி அதை என்னிடம் காட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

5

இங்கே வேலாயியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

நான் முதலில் எழுதிப் பார்த்ததில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். மண்ணை வாரித் தூற்றுகிறாள். எழுத எளிதாக இருந்தது, வேகமாக வந்தது. ஆனால் நான் பார்த்த வேலாயி அப்படி எதுவும் செய்யவில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இவ்வளவுதான் கேட்டாள்:

"இத மறுபடி ஒண்ணாத் தச்சுத் தர முடியுமா புள்ள? கட்டுற மாதிரி வேணாம். முழுசா இருந்தாப் போதும்."

நிஷாந்தி அப்போதே எழுந்து படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். வேலாயியின் விரல் கொழுந்து கிள்ளும் வேகத்தில் நூலை இழுக்கும். ஓரிடத்தில் துணி கிழிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மெதுவாகத் தொடர்ந்தார்கள். துஷாந்த் சவாரி முடித்து வந்து, காலியாகிப்போன மலையைப் பார்த்துவிட்டு, கொழும்புக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டான். "அவங்க புள்ளையோட சேலங்க அது," என்றாள் நிஷாந்தி. அவன் பிறகு கேட்கவில்லை.

பட்டிகளை வரிசை பார்த்து மெஷினில் இணைத்தாள். ஓரம் நறுக்கியதெல்லாம் போக, சேலை ஒரு முழம் குறைந்துவிட்டது. வேலாயி அதைத் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

6

இப்போது போன் அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "சேலையைப் பெட்டியில் வைத்து மூடிய அந்தக் கணத்தில், இடுப்பில் செருகியிருந்த போன்—"

இதை வேலாயி கேட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். அடித்துவிட்டேன்.

மற்றது: "கட்டுநாயக்க விமான நிலையத்தில், சாமான்கள் வந்து இறங்கும் பக்கத்தில், ஒரு நீளமான—"

இதை என்னால் முடிக்க முடியவில்லை. வாக்கியத்தை முடித்தால் அது நடந்துவிடும் போல இருந்தது. நானும் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை.

நடந்தது வேறு. நிஷாந்தி அம்னாவிடம் உள்ளதைச் சொன்னாள். ஆரஞ்சு இல்லாமலே படத்தைக் கொண்டு வரச் சொல்லிவிட்டாள் அம்னா. துஷாந்தின் ஆட்டோவில் சுருட்டிய துணியோடு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனோம். பிடித்துத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். அங்கே மேடையில் வேலாயி நின்றுகொண்டிருந்தாள். பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். கையில் ஒரு கடைப் பை. அதற்குள் சேலை.

"இதையும் கொண்டு போ புள்ள. வெட்டாத. முழுசா மாட்டு. பக்கத்துல எம்மக பேர எழுது, அவ வேல செய்ற வீட்டு நம்பர எழுது, போட்டோவ ஒட்டு. கொழும்புல பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கள்ல? ஒருத்தருக்காவது தெரியாமயா போயிரும்?"

நிஷாந்தி என்னைப் பார்த்தாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ரயில் வந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டு ஏறினோம்.

7

அம்னா கெட்டவள் அல்ல. ஹட்டனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். எங்கள் ஊர்க் குளிர் அவளுக்கும் தெரியும். ஆனால் தயங்கினாள். பெயரும் நம்பரும் போட்டுத் தொங்கவிட்டால் அது படமாக இருக்காது, மனுவாகிவிடும் என்றாள். ஏஜென்சிக்காரர்கள் பிரச்சினை பண்ணுவார்கள், மற்றவர்களின் வேலையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றாள். அவள் சொன்னது எல்லாமே நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

"அப்ப என்னோடத வேணாம்னு வச்சிருங்க. அந்த எடத்துல இத மாட்டுங்க," என்றாள் நிஷாந்தி.

அம்னா வெளியே போய் யார் யாருக்கோ போன் பேசினாள். திரும்பி வந்து, தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நுழைவாசலுக்கு நேரே சேலையை மாட்டினோம். பெயரை மூன்று மொழியிலும் எழுதினோம். நிஷாந்தியின் மலை உள்ளே ஒரு சுவரில் தொங்கியது. ஆரஞ்சு இருந்த இடத்தில் ஊசித் துளைகள்.

கண்காட்சி நடந்த நாட்களில் நிஷாந்தி தன் படத்தின் பக்கம் போகவேயில்லை. சேலையின் அருகிலேயே நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாள். சிலர் அந்த ஒட்டுத்தையல் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் இது விற்பனைக்கா என்று கேட்டார். நிறையப் பேர் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும், தன் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லி, நம்பரை எழுதிக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கணவர் விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். வீடு பூட்டியிருக்கிறது. மறுபடி போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றுவரை நடந்தது இவ்வளவுதான்.

8

எழுதியதை நிஷாந்தியின் காம்பராவில் வைத்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். நிஷாந்தி அவ்வப்போது தலையைக் குனிந்துகொண்டாள். வேலாயி ஒரு சொல் விடாமல் கேட்டாள். முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இதுல தனுஜா தனுஜான்னு வருதே, அது யாரு?"

உங்கள் மகள்தான் என்றேன். கதைகளில் பெயரை மாற்றித்தான் எழுதுவோம், யாருக்கும் இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக, உங்கள் பெயர்கூட இதில் வேறுதான் என்று விளக்கினேன். அவள் யோசித்தாள்.

"பேர மாத்திட்டா எப்படி டீச்சர் கண்டுபிடிப்பாங்க?"

நிஷாந்தி மெஷினைத் துடைப்பது போல எழுந்து போய்விட்டாள்.

உண்மைப் பெயரைப் போட்டால் இதைக் கதை என்று எந்தப் பத்திரிகையும் வாங்காது. போட்டு, அதனால் அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் விட்டால், இது எனக்கு மட்டும் உதவுகிற எழுத்து. அனுப்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது. ஆசிரியர் முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிவு என்னிடம் இல்லை. குவைத்தில் பூட்டிய ஒரு வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ அது இருக்கிறது. இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருக்கலாம். மாடியில் துணி காயப்போடுகிற, மலைநாட்டுத் தமிழ் பேசுகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் கதையின் மிச்சம் உங்களிடம்தான் இருக்கிறது. அவளைக் கூப்பிடுங்கள். தனுஜா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவள் பெயர்—