மணமகனைத் திருப்பி அனுப்பவும்

இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ் அந்தக் காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்ததும் அனுசுயாவின் கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது.

'அச்சு: ராக்கம்மாள் ஆப்செட், சின்னமனூர்.' பக்கத்திலேயே கடையின் டெலிபோன் நம்பர்.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். ஒன்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் டைப் செய்கிறவள். அச்சகத்தின் பெயர் போடாமல் ஒரு தாள்கூடக் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அப்பா நல்லகண்ணுவின் கண்டிப்பு. பெயரில்லாத நோட்டீஸ் அடித்தால் போலீஸ் வந்து மெஷினைப் பூட்டிவிடும் என்பார். அதனால் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாலே அந்த வரி தானாக அடியில் வந்து உட்காரும்படி வைத்திருந்தாள். நேற்று மணமகன் பெயரை எடுத்தாள், மணமகள் பெயரை எடுத்தாள், மண்டபத்தின் பெயரையும் எடுத்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள். தினமும் பார்க்கிற வரி என்பதால் அது மட்டும் கண்ணில் படவே இல்லை.

அப்படியே கொண்டுபோய் அரசாங்கத்தின் இணையதளத்தில் ஏற்றிவிட்டாள்.

"காலையில பேப்பர்ல போட்டோவோட போட்டிருக்கான். சென்னையில இருந்து எஸ்.பி. ஆபீசுக்குப் போன். அங்க இருந்து எனக்குப் போன்" என்றார் வைகுண்டராஜ். "ஹேக்கரைக் கண்டுபிடிக்க நிபுணர் வேணும்னாங்க. நான் பேப்பரை வாசிச்சேன், ஜீப்ல ஏறி வந்துட்டேன். கடை அட்ரஸ் கொடுத்த முதல் ஹேக்கர் நீங்கதாம்மா."

வாசலில் நின்ற பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

காகிதத்தில் இருந்தது இதுதான்:

'அன்புடையீர், சென்ற தை மாதம் நடைபெற இருந்த எங்கள் திருமணம், மணமகன் ஒரு கூட்டத்தில் ஆறு நிமிடம் பேசிய காரணத்தால் நடைபெறவில்லை. மணமகன் நூற்றுப் பன்னிரண்டு நாட்களாகத் தங்கள் பொறுப்பில் இருக்கிறார். அவரைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள். சட்டத்தை நீக்கி, மணமகனைத் திருப்பி அனுப்பி விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம். இப்படிக்கு, மணமகள்.'

மணமகன் பெயர் சூரியபிரகாஷ். பாலிடெக்னிக்கில் பௌதிகம் நடத்துகிறவன். கம்பத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பொடா சட்டம் வேண்டாம் என்று பேசினான். அந்தச் சட்டத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பாதி ஊருக்குப் பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு ஜாமீன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

மகனை மதுரை ஜெயிலில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே சூரியபிரகாஷின் அம்மா அன்னத்தாய், சுருளிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து நல்லகண்ணுவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "அண்ணே, உங்க பொண்ண நான் புடிச்சு வச்சுக்கிட மாட்டேன். நல்ல இடமாப் பாருங்க." அன்றிலிருந்து அவள் இந்தக் கடைப்பக்கம் வரவில்லை. நல்லகண்ணு இடம் பார்க்க ஆரம்பித்தார். ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும் என்றார்.

அனுசுயா முந்தாநாள் மதியம் அரசுத் துறை ஒன்றின் இணையதளத்தில் பொடா பற்றிய பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தாள். 'இச்சட்டத்தால் அப்பாவி ஒருவர்கூடப் பாதிக்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தளத்தின் தமிழ்ப் பக்கங்களை மதுரைக் கம்பெனி ஒன்றுக்காக ஏற்றிக் கொடுத்தது அவள்தான். பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை. மறுநாள் காலை, தன் கல்யாணப் பத்திரிகையைத் திறந்து திருத்தி, அந்த வரியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஏற்றினாள்.

"சார்." உள்ளே வீரபாண்டித் திருவிழா போஸ்டர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு நல்லகண்ணு வந்தார். கையெல்லாம் மஞ்சள் மை. "அது நான் செஞ்சது சார்."

"நீங்களா?"

"ஆமா. அதுல இருக்கிறது என் கடைப் பேருதான. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி, எப்படிச் செஞ்சீங்க?"

நல்லகண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதற்குத் துணி போட்டு மூடுவதைத் தவிர அவர் அதைத் தொட்டதே கிடையாது. "அதான்... அந்த மவுசை எடுத்து... நல்லா ஒரு திருகு திருகி..."

"திருகி?"

"அரசாங்கத்துக்குள்ள போயிட்டேன்."

இந்த முறை பெண் போலீஸால் அடக்க முடியவில்லை. அனுசுயா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கப்பா. நான்தான் சார் செஞ்சேன். அந்தா, ரெண்டாவது மெஷின்ல. நேத்துக் காலையில பத்தே முக்காலுக்கு."

"ஏத்தா, சும்மா இரு!"

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அவரு ஆறு நிமிஷம் பேசினதுக்கே உள்ள வச்சிருக்காக. நான் ஒண்ணுமே பேசலையே, பத்திரிகைதான வச்சேன். அழைப்பு வச்சா வரமாட்டேன்னு சொல்லலாம். புடிச்சா உள்ள வைப்பாக?"

வைகுண்டராஜ் நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. எனக்கும் பொண்ணு இருக்கு. இது ஐ.டி. சட்டம், மூணு வருஷம் வரைக்கும் போகும். டி.எஸ்.பி.தான் விசாரிப்பார், அவர் என்னை மாதிரி உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டார். ஆனா ஒரு வழி இருக்கு."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். டைப் செய்தே கொண்டுவந்திருந்தார். சூரியபிரகாஷின் கூட்டாளிகள் வந்து மிரட்டி, இந்தப் பத்திரிகையைக் கொடுத்து ஏற்றச் சொன்னார்கள், உள்ளே இருந்தபடியே அவன்தான் எல்லாவற்றையும் நடத்துகிறான், பயந்துபோய்ச் செய்தேன். கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீ சாட்சி. போடலைன்னா நீ அக்யூஸ்டு."

"இதுல போட்டா அவரு வெளிய வரவே முடியாதே சார்."

"அவன் எப்படியும் இப்போதைக்கு வரப் போறதில்லை. நீயாவது வெளிய இரு."

நல்லகண்ணு மகளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அன்னத்தாய் இறங்கினாள். கையில் சுருட்டிய காலைப் பேப்பர். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும்; சேலையின் கரையில் மயில்துத்த மருந்து நீலமாகத் தெறித்திருந்தது. போலீசைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, மேசையில் இருந்த தாளை எடுத்து, எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். கடை முழுக்கக் காத்திருந்தது.

"போட்ரு ஆத்தா" என்றாள்.

அனுசுயாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அத்தை..."

"அவன் ஆம்பள. உள்ள இருக்கான், கிடக்கட்டும். நீ பொம்பளப் பிள்ள. உனக்கு இந்தச் சீரழிவு வேணாம். கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நான் உன்ன ஒரு சொல்லு சொல்ல மாட்டேன்."

சொல்லும்போது அவள் அனுசுயாவைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுசுயா அந்தத் தாளை மெதுவாக வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. பேனாவை எடுத்து எழுதினாள். எழுதியதை உரக்கவே வாசித்தாள்.

"நல்லகண்ணு மகள் அனுசுயா, வயது இருபத்தேழு, நானே யோசித்து நானே செய்தேன். யாரும் மிரட்டவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒருவர்கூடப் பாதிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது பொய், அதனால் எடுத்தேன். அந்தப் பொய்யை மறுபடி போட்டால் மறுபடி எடுப்பேன்."

"கடைசி வரி வேண்டாம்மா" என்றார் வைகுண்டராஜ்.

"இருக்கட்டும் சார்."

கையெழுத்துப் போட்டாள். அன்னத்தாய் வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று சுருட்டிய பேப்பரை மேசையில் ஓங்கி அடித்தாள்.

"அது சரி, இதுல எம்பேரு எங்க?"

"என்னத்தை?"

"பத்திரிகைய வாசிச்சேன். மணமகள்னு நீ மட்டும் போட்டிருக்க. மாப்பிள்ள வீட்டுல ஆளே இல்லையா? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னக் கேக்காம ஊரு உலகத்துக்கெல்லாம் பத்திரிகை வைப்பியோ?"

"போலீசுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அத்தை பேரெல்லாம் எடுத்தேன்."

"நல்லாத்தான் எடுத்த! எல்லாரு பேரையும் எடுத்துட்டு உங்கப்பன் கடைப் பேர மட்டும் விட்டு வச்சிருக்க." பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "இங்கன எழுதுறேன். சுருளிப்பட்டி அன்னத்தாய், மாப்பிள்ளையோட அம்மா."

"அம்மா, இது வாக்குமூலம். பத்திரிகை இல்ல" என்றார் வைகுண்டராஜ்.

"எதா இருந்தா என்ன? எம்மகனப் பத்தின தாளு. எம்பேரு இல்லாம இது இந்த எடத்த விட்டுப் போகாது."

எழுதி முடித்துப் பேனாவை நீட்டியபோது அதை வாங்கியது நல்லகண்ணு. யாரும் கேட்கவில்லை. மஞ்சள் மைக் கையாலேயே மகளின் பெயருக்கு மேலே, பெண்ணைப் பெற்றவர் எழுத வேண்டிய இடத்தில், தன் பெயரை எழுதினார். தாளில் அவருடைய கட்டைவிரலும் பதிந்துவிட்டது.

"ஆவணிக்கு இடம் பாத்தது போதும்" என்று முணுமுணுத்தார். "வக்கீலுக்குப் போன் போடுறேன். நீ தைரியமாப் போத்தா."

வைகுண்டராஜ் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தார். "முதல்ல அந்தப் பக்கத்தையாவது எடுத்துடும்மா. சென்னையில கத்துறாங்க."

"என்னால முடியாது சார். காலையில பாஸ்வேர்ட மாத்திப்புட்டாக. இனி அவுகதான் எடுக்கணும்."

"அவங்களுக்கு எடுக்கத் தெரியலையாம்."

"அப்ப இருக்கட்டும்."

ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பரில் வந்த படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டிவிட்டார். ஆட்கள் நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அனுசுயா தலையைக் குனியவில்லை. தானாகவே பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பெண் போலீஸ் ஏறுவதற்குள் அன்னத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அனுசுயாவை இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

"இறங்கும்மா" என்றார் வைகுண்டராஜ். "நீங்க வர முடியாது."

"வயசுப் பிள்ளையத் தனியா ஸ்டேஷனுக்கு அனுப்பவா?"

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"மாமியா."

"இன்னும் கல்யாணமே ஆகலையேம்மா!"

"அதத்தான் நாங்க உங்களக் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள் அன்னத்தாய். "வண்டிய எடுங்க."