றோட்டைப் பார்த்த கக்கூசு

கொழும்பில் தலைமைத்துவப் பயிற்சியை முடித்துக்கொண்டு அன்ரோனெற் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில் பங்குச் சுவாமி அவள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். மன்னாரில், பேசாலையைத் தாண்டிக் கடலோரமாகக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரிலிருந்து அப்படியொரு பயிற்சிக்குப் போனவர்கள் அதற்கு முன் யாருமில்லை. சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கு பார்த்தாலும் ஏதாவதொரு நிறுவனம் யாருக்காவது எதையாவது பழக்கிக்கொண்டிருந்த காலம் அது.

பயிற்சி முடித்தவர்கள் அவரவர் ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள் வாசிகசாலையா, மரநடுகையா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரோனெற்றுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய தாய் இடப்பெயர்வின்போது காய்ச்சலில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவளை வளர்த்தது தாயின் தங்கச்சி றோஸ்மேரி. றோஸ்மேரிக்குக் கடற்கரையில் படகுகள் வந்து அடையும் நண்டு வாடியில் வேலை. விடிவதற்கு முன்பே போய்க் கரையில் குந்திவிட வேண்டும். படகுகள் வந்ததும், வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் எழும்ப முடியாது. அவளைப்போல ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான். அவர்களுக்குக் கரையில் ஒரு கக்கூசு இல்லை. இருட்டோடு இருட்டாக உடைமரப் பற்றைக்குள் போய் வந்தால் சரி, வெளிச்சம் வந்துவிட்டால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருப்பதுதான். அதற்குப் பயந்து யாரும் வாடியில் தண்ணீர் குடிப்பதில்லை. றோஸ்மேரிக்கு அடிக்கடி அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வரும். மன்னார் ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள்.

"தண்ணி குடி எண்டு டொக்டர் லேசாச் சொல்லிப்போட்டார். குடிச்சுப்போட்டு எங்க போறது? அவரின்ர குவாட்டர்சுக்கோ?" என்று வாடியில் சொல்லிச் சிரிப்பாள் றோஸ்மேரி. எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கக்கூசு கட்டப்போவதாக அன்ரோனெற் வந்து சொன்னபோதும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி கதவு உயரமாக வேண்டும் என்றாள். இன்னொருத்தி உள்ளே வாளி வைக்க இடம் கேட்டாள்.

"வாடிக்குப் பின்னால, அந்தப் பனையளுக்கு அங்கால கட்டு பிள்ளை," என்றாள் றோஸ்மேரி. "நாங்கள் போறது வாறது ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது."

அன்ரோனெற் அதை அப்படியே படமாக வரைந்து கொழும்புக்கு அனுப்பினாள்.

இடம் பார்க்க வந்தவர் நிறுவனத்தின் இணைப்பாளர் செல்வநாயகம். நல்ல மனிதர், பயிற்சியில் அவளைத் தட்டிக்கொடுத்து மேடையேற்றியவர். பனைகளுக்குள் நின்று சப்பாத்துக்குள் போன மண்ணைத் தட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"இதுக்குள்ள கட்டினா ஆருக்குத் தெரியும், தங்கச்சி? உதவி செய்த ஆக்கள் வெளிநாட்டிலயிருந்து பாக்க வருகினம். வாகனத்தால இறங்கினவுடன கண்ணில பட வேண்டாமோ? மணலுக்குள்ள லொறியும் வராது."

கூட வந்திருந்த மீனவர் சங்கத் தலைவர் யாகப்பர் உடனே வழி சொன்னார். "றோட்டுக்கரையில சங்கத்தின்ர காணி கிடக்குது, சேர். வலைக்கொட்டிலுக்கு முன்னால. அதிலை கட்டுங்கோ."

வலைக்கொட்டில் என்றால் ஆண்கள் நாள் முழுக்க இருந்து கிழிந்த வலை பொத்துகிற இடம். அன்ரோனெற்றுக்கு அது தெரியாததல்ல. அவளுடைய தகப்பன் பஸ்ரியனும் அங்கேதான் இருப்பார். வாயைத் திறந்தாள். செல்வநாயகம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, சரிதானே? இந்த மாதத்துக்குள்ள முடிக்காட்டி இந்தக் காசு வேற ஊருக்குப் போயிடும்."

"ஓம் சேர்," என்றாள்.

ஒன்றும் இல்லாமல் போவதைவிட இது மேல் என்று அன்றிரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் வாடிப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அத்திவாரம் வெட்டுவதைக் கண்டுதான் பெண்கள் விசயத்தை அறிந்தார்கள். றோஸ்மேரி வேலை முடிந்து வரும் வழியில் நின்று குழியைப் பார்த்தாள், வலைக்கொட்டிலைப் பார்த்தாள். பிறகு நடந்து போய்விட்டாள்.

திறப்பு விழா பெரிதாகத்தான் நடந்தது. நீல ஓடு பதித்த சுவர், புதுத் தண்ணீர்த் தாங்கி, உதவியவர்களின் பெயர் பொறித்த பலகை. வெள்ளைக்காரர்கள் நாடா வெட்டினார்கள். படம் எடுப்பதற்காக றோஸ்மேரியை உள்ளே கூட்டிப்போய்க் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். அவள் திறந்தாள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாடிப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அன்ரோனெற் காலையில் போய் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். இளம்பெண் ஒருத்தி மட்டும் துணிந்து வந்தாள். அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது கொட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன தங்கச்சி, திறப்பு விழா இன்னும் முடியேல்லையோ?"

கொட்டில் முழுக்கச் சிரித்தது. பஸ்ரியன் சிரிக்கவில்லை. ஆனால் தலையையும் நிமிர்த்தவில்லை. அந்தப் பெண் திரும்ப வரவேயில்லை.

கொஞ்ச நாளில் ஆண்கள் பாவிக்கத் தொடங்கினார்கள். அன்ரோனெற் வாளியும் தும்புத்தடியுமாய்ப் போய்க் கழுவினாள். எத்தனை நாளைக்குக் கழுவுவது? ஒரு காலை போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. யாகப்பரிடம் ஓடினாள்.

"பொம்பிளையளுக்குக் கட்டினது அண்ணை. நீங்கள் எப்பிடிப் பூட்டலாம்?"

"எந்தப் பொம்பிளை வாறாள் சொல்லு பாப்பம்," என்றார் யாகப்பர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "சும்மா நாறிக் கிடக்கிறதுக்குப் பூட்டிக் கிடக்கட்டும். பெரிய ஆக்கள் வந்தாத் திறந்து விடலாம். மழைக்குப் படகு எஞ்சின் ரண்டையும் உள்ளுக்க வைச்சிருக்கிறன்."

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து மறைப்புச் சுவர் ஒன்றாவது கட்டித் தரும்படி கெஞ்சினாள். அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்றார் செல்வநாயகம். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் வந்துவிட்டார்களாம். "அதை விடுங்கோ. உங்கட தொகுதிப் பட்டமளிப்புக்கு வந்து செய்த வேலையைப் பற்றிக் கதைக்க வேணும்."

போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். குளிரூட்டிய பெரிய மண்டபம். மேடையில் நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பனைகளுக்குள் கேட்டதை றோட்டில் கட்டினோம், கேட்டவர்களிடம் நான் திரும்பிப் போகவில்லை, இப்போது அதற்குள் எஞ்சின் கிடக்கிறது என்றாள். யாராவது எழும்பித் திட்டுவார்கள், இல்லையென்றால், 'சரி, போய்த் திருத்துவோம்' என்பார்கள் என்று நினைத்தாள். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுதான் தலைமைத்துவம்! தோல்வியை ஒத்துக்கொள்ளுற துணிவு," என்றார் செல்வநாயகம், கண்ணாடிக் கேடயத்தை அவள் கையில் கொடுத்தபடி. அடுத்த தொகுதிக்கு அவளே பயிற்றுநராக வரவேண்டும் என்றும் அந்த மேடையிலேயே அறிவித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியில் தகப்பன் தொலைபேசியில் சொன்னார்: றோஸ்மேரி வாடியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில். கிட்னி வரைக்கும் கிருமி ஏறிவிட்டதாம். அன்ரோனெற் வீட்டுக்குப் போகாமல் நேரே வார்டுக்குப் போனாள். கையில் சேலைன் ஏற, முகம் வீங்கிக் கிடந்தாள் றோஸ்மேரி.

"கொழும்பில கதைச்சனியோ?"

"ஓம் சின்னம்மா. எல்லாத்தையும் சொன்னனான்."

"அங்க சொன்னனி." றோஸ்மேரி மூச்சு வாங்கினாள். "இஞ்ச ஒருக்கா வந்து, இடம் மாத்தப்போறாங்களாம் எண்டு எங்களிட்டைச் சொல்ல உனக்கு வாய் வரேல்லை."

"வேண்டாமெண்டுவியள் எண்டு பயந்தனான்."

"வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பம்."

அன்ரோனெற் அவள் காலைப் பிடித்தாள். றோஸ்மேரி காலை இழுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். "ஒண்டு மட்டும் கேக்கிறன் பிள்ளை. இனி எங்கட பேரைச் சொல்லி ஒண்டும் செய்யாதை."

பயிற்றுநர் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தாள். வைத்தியச் செலவு இருந்தது, தகப்பனின் படகு பழசாகிக்கொண்டிருந்தது, மன்னாரில் வேறு வேலையும் இல்லை. போனாள். ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் அவர்கள் அழுவார்கள் என்பது நாளடைவில் பழகிப்போனது. றோஸ்மேரி உடம்பு தேறி மறுபடி நண்டு கழற்றப் போய்விட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு லீவில் வந்த அன்ரோனெற் வாடிக்குப் போனாள். தூரத்திலேயே பெண்களின் சிரிப்புக் கேட்டது. அவளைக் கண்டதும் நின்றது. தானும் குந்தி நண்டு கழற்றலாம் என்று பாவாடையை ஒதுக்கினாள். அதற்குள் ஒருத்தி எழுந்து ஓடிப்போய் பிளாஸ்டிக் கதிரையொன்றைக் கொண்டுவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இருங்கோ மிஸ்."

அன்ரோனெற் சின்னம்மாவைப் பார்த்தாள். றோஸ்மேரி குனிந்தபடி ஒரு நண்டின் காலை வலையிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் கதிரையில் இருந்தாள்.